உளியும் ஆட்சியும்: சிற்பி இவான் மெஷ்ட்ரோவிச்

சிற்பியின் கூடத்தில் இருக்கும்வரை சிலை ஒரு கலைப்பொருள். ஊர்நடுவே நாட்டப்பெற்ற பின்னரோ அது ஊராரின் உடைமையாகிறது. ஆள்வோரின் கண்ணும் அதன்மேல் விழுகிறது. இவ்வுண்மையைத் தம் வாழ்நாளிலேயே கண்டவர் குரோவேஷியச் சிற்பி இவான் மெஷ்ட்ரோவிச்.

ஆடு மேய்த்த இளமை

1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், டால்மேஷிய மலைப்பகுதியிலுள்ள ஓதாவிட்சே என்னும் சிற்றூரில் ஆடு மேய்த்து வளர்ந்தார். எழுத்தறிவைத் தாமே முயன்று பெற்றார். பதினாறாம் அகவையில் ஸ்பிளிட் நகரக் கல்தச்சர் ஒருவரிடம் தொழில் பயின்றார். பின்னர் வியன்னா கலைக்கழகத்தில் கற்றார். 1911இல் உரோம் நகரப் பன்னாட்டுக் கண்காட்சியில் சிற்பத்திற்கான முதற்பரிசு அவரைச் சேர்ந்தது.

1928இல் சிகாகோவில் நிறுவப்பெற்ற அவருடைய வெண்கலச் சிலைகள் இரண்டும் குதிரைமீதமர்ந்த அமெரிக்கப் பழங்குடி வீரர்கள். ஒருவன் வில்லாளி, மற்றவன் ஈட்டி வீரன். ஆயினும் வில்லும் இல்லை, ஈட்டியும் இல்லை! உடலின் முறுக்கே அவற்றைக் காண்போர் உள்ளத்தில் தோற்றுவிக்கிறது.

மொழிக்காவலர் சிலை

வழிபாட்டில் இலத்தீனுக்கு மாற்றாகத் தம் மக்களின் மொழி ஒலிக்கவேண்டும் என வாதிட்டவர் பத்தாம் நூற்றாண்டு ஆயர் நின் நகர கிரிகோரி. அவருக்கு மெஷ்ட்ரோவிச் வடித்த பெருஞ்சிலை 1929இல் ஸ்பிளிட்டின் உரோமானிய அரண்மனை முற்றத்தில் எழுந்தது. 1941இல் நகரைக் கைப்பற்றிய இத்தாலியர் அதனை அகற்றினர். 1954இல் அஃது அரண்மனையின் வடக்கு வாயிலுக்கு வெளியே மீண்டும் நிறுத்தப்பெற்றது. நற்பேறு வேண்டி மக்கள் தொட்டுத் தொட்டு அதன் காற்பெருவிரல் இன்று பொன்போல் மின்னுகிறது.

கலைக்கூடமும் பள்ளிவாசலும்

தலைநகர் சாக்ரெப்பில் அவர் வடிவமைத்த வட்டவடிவக் கலைக்கூடம் 1938இல் திறக்கப்பெற்றது. 1941இல் நாஜிகளின் துணையோடு அமைந்த ஆட்சி, போஸ்னிய முஸ்லிம்களைத் தன்பால் ஈர்க்க விரும்பி, அக்கூடத்தைப் பள்ளிவாசலாக்கி மூன்று மினாராக்களையும் எழுப்பியது. அவ்வாட்சியே சிற்பியைச் சில மாதங்கள் சிறையிலிட்டது. வத்திக்கானின் முயற்சியால் விடுதலை பெற்ற அவர் நாட்டை விட்டு வெளியேறினார். போருக்குப்பின் வந்த பொதுவுடைமை ஆட்சி 1949இல் மினாராக்களை இடித்தது. கூடம் புரட்சி அருங்காட்சியகமாயிற்று. 1990களில் அது கலைஞர்களிடமே திரும்பியது.

இறையில்லம் எழுப்புதல் நற்செயலே. ஆயின் அரசியல் ஆதாயம் கருதி, பிறர் கலைக்கூடத்தை மாற்றி அளித்த பள்ளி, அளித்த ஆட்சியோடே மறைந்தது. சாக்ரெப் முஸ்லிம்களுக்கென அமைந்து 1987இல் திறக்கப்பெற்ற பள்ளிவாசலோ இன்றும் நிலைத்து நிற்கிறது. இவ்வேறுபாடு நாம் எண்ணத்தக்கது.

மண்ணுக்கே மீண்டவர்

1947இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைத் தனிக்கண்காட்சியாக வைத்துப் பெருமை செய்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சிற்பம் கற்பித்த அவர், தாயகத்திற்கு நிலையாகத் திரும்பவில்லை; ஆயினும் 1952இல் தம் இல்லங்களையும் எண்ணற்ற சிற்பங்களையும் தாயக மக்களுக்கே கொடையளித்தார். 1962இல் மறைந்த அவர்தம் உடல், ஆடு மேய்த்த ஓதாவிட்சேயில் அவரே கட்டிய கல்லறைக் கோயிலில் அடங்கியது.

ஆட்சிகள் சிலையை நகர்த்தின. கூடத்தின் உருவை மாற்றின. சாக்ரெப் மக்களோ அக்கலைக்கூடத்தை இன்றும் ‘பள்ளிவாசல்’ என்றே பேச்சுவழக்கில் சுட்டுகின்றனர். ஆள்வோர் அழித்ததையும் மக்களின் நாவு காத்துவைக்கிறது!