உங்களுக்குத் தெரியுமா? மொன்றியல் அலுமாரியில் பருப்பு

காய்ந்த கடலையும் பயறும் பல வருடம் கெடாமல் கிடக்கும். ஆனால் சூடும் ஈரமும் பட்டால் எவ்வளவு ஊறவைத்தாலும் வேகாத கல்லாகிவிடும். உள்ளேயிருக்கும் கால்சியம், மக்னீசியம் தாதுக்கள் செல் சுவர்ப் பெக்டினோடு இறுகப் பிணைந்துகொள்வது இதற்கு ஒரு காரணம். ஊறும் நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் ஓரளவு இளகும். மொன்றியல் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக் காற்று வறண்டது. பருப்புக்கு அது நல்லதுதான். கெடுப்பது அடுப்புக்கு மேலே உள்ள அலுமாரி. பலரும் அங்கேதான் வைக்கிறோம்!

ஊரில் மொட்டை வெயிலில் காயவைத்து வண்டை விரட்டுவோம். இங்கே அந்த வேலையை ஃப்ரீசர் செய்யும்: மைனஸ் 18 டிகிரியில் நாலைந்து நாள் வைத்தால் முட்டையும் அழியும். வெளியே எடுத்ததும் பொதியைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

வெள்ளை அரிசி வருடக்கணக்கில் தாங்கும். தீட்டாத அரிசியும் ஆட்டா மாவும் அப்படியல்ல, அவற்றிலுள்ள எண்ணெய் சில மாதங்களிலேயே காறிவிடும்.

1998 ஜனவரி உறைமழையில் கியூபெக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் அறுந்தன. சில இடங்களில் மின்சாரம் திரும்ப ஒரு மாதம் ஆனது. மின் அடுப்பை நம்பும் வீட்டில் அப்போது மூட்டைப் பருப்பு இருந்தும் பயனில்லை. நாலு டின் வெந்த கடலையும் வாங்கி வையுங்கள், டின் திறப்பானோடு.