தண்டுவடக் கட்டியும் மூளையுறையும்

முதுகுவலியுடன் கால்கள் தளர்ந்துவரும் ஒருவருக்குப் பின்னர்த் தலைவலியும் வாந்தியும் தோன்றினால், அவற்றை இரு வேறு நோய்கள் என எண்ணிவிடலாகாது. தண்டுவடமும் மூளையும் ஒரே உறைகளுக்குள் அடங்கியவை. சுமார் 150 மில்லிலிட்டர் நீர் இரண்டையும் சூழ்ந்து ஓடுகிறது.

தண்டுவடத்தினுள்ளே தோன்றும் கட்டிகள் அரியவை. அவற்றுள் கொடிய சிலவற்றின் உயிரணுக்கள் இந்நீரில் கலந்து, மூளையுறையில் படிந்து வளர்கின்றன. நீர் வடியும் வழி அடைபட்டால் மூளையறைகள் விரிந்து, தலைவலியும் வாந்தியும் பார்வை மங்கலும் உண்டாகின்றன. இந்நிலை காசநோய் மூளைக்காய்ச்சலைப் போலத் தோன்றி மயக்குவதும் உண்டு. ஆகவே, மூளையுடன் முதுகெலும்பு முழுவதையும் எம்.ஆர்.ஐ. படத்தால் ஆராய்தல் வேண்டும்; நீரில் கட்டியின் அணுக்கள் உளவா எனவும் நோக்குதல் வேண்டும்.

திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் நரம்பு அறுவைத் துறை உள்ளது. சித்தூர் மக்களுக்கு வேலூர் அண்மையது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார்.

கால் தளர்ச்சி, சிறுநீர் கழிப்பதில் இடர், இரவில் மிகும் முதுகுவலி ஆகியவற்றைக் காணும் களப்பணியாளரும் ஆசிரியரும் நோயாளியைத் தாமதியாது அனுப்புதல் வேண்டும். கட்டி மூளையுறையில் படர்ந்தபின் குணப்படுத்துதல் மிக அரிது; முற்றும் இழந்த கால்வலிமை மீள்வதும் கடினமே.