நடுக்கடலில் போட்டியாளரே துணை: கடல் சட்டம் கூறுவது என்ன?

மும்பை: கடலில் ஆபத்தில் சிக்கியோருக்கு, தமது கலத்துக்குப் பெரும் ஆபத்து நேராத வரையில், மாலுமிகள் உதவ வேண்டும் என்கிறது சர்வதேசக் கடல் சட்டம். நெடுந்தொலைவுப் பாய்மரப் படகோட்டிகள் அந்த வரம்பையும் கடப்பதுண்டு.

தனியாக, இடைநிற்காமல் உலகைச் சுற்றி 2013-இல் மும்பை திரும்பிய முதல் இந்தியர், அப்போது கடற்படை அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமி. 2018 செப்டம்பர் 21 அன்று, கோல்டன் குளோப் போட்டியின்போது தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் தாக்கி அவரது படகின் பாய்மரங்கள் முறிந்தன. முதுகில் காயமடைந்த அவரால் நகர இயலவில்லை. கரையிலிருந்து ஹெலிகாப்டர் எட்ட முடியாத தொலைவு அது.

அதே புயலில் பாய்மரங்களை இழந்த அயர்லாந்துப் போட்டியாளர் கிரிகோர் மெக்கக்கின், தற்காலிகப் பாய் கட்டி அபிலாஷை நோக்கிப் படகைச் செலுத்தினார். செப்டம்பர் 24 அன்று பிரான்ஸின் மீன்வள ரோந்துக் கப்பலான ஒசிரிஸ் அபிலாஷை மீட்டது. மெக்கக்கினும் அக்கப்பலிலேயே மீட்கப்பட்டார்.

அபிலாஷ் 2023-இல் அதே போட்டியை இரண்டாமிடத்தில் நிறைவு செய்தார்.