வலிக்கு மருந்து: தேசத்துக்கொரு நியாயம்

ஜெர்மனியில் வசித்துவந்த அமெரிக்க எழுத்தாளர் ஒருவர், அங்கே தமக்கு நடந்த ரண சிகிச்சையைப்பற்றி 2018-ம் வருஷத்தில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதியிருந்தார். கருப்பையை எடுக்கும் சிகிச்சை அது. வலிக்கு என்ன கொடுப்பீர்கள் என்று அந்த மாது முன்கூட்டியே டாக்டரைக் கேட்டார். இபுப்ரோபென் கொடுப்போம் என்று பதில் வந்தது. பல்வலிக்கும் தலைவலிக்கும் சாப்பிடுகிற சாமானிய மாத்திரை அது. அம்மையார் திகைத்துப் போனார். அமெரிக்காவில் இதைவிடச் சிறிய சிகிச்சைகளுக்கும் அபின் வர்க்கத்தைச் சேர்ந்த பலத்த மருந்துகளைக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. ஜெர்மன் டாக்டர்களோ, வலி என்பது உடம்பு ஓய்வு கேட்பதற்கு அடையாளம், அதை முற்றிலும் அடக்கிவிட்டால் ஓய்வு வேண்டுமென்பதே தெரியாமல் போய்விடும் என்றார்கள். கடைசியில் அந்த மாத்திரையோடும் ஓய்வோடுமே அவர் குணமடைந்தார்.

மருந்தின் குணம் எல்லாத் தேசங்களிலும் ஒன்றுதான். அதைக் கொடுக்கும் கையும் வாங்கும் மனமுமே வேறுபடுகின்றன. ஹெராயின் என்ற பெயரைக் கேட்டாலே இன்று நாம் அஞ்சுகிறோம். 1898-ம் வருஷத்தில் அதை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கியது ஜெர்மனியின் பேயர் கம்பெனி. அமெரிக்க சர்க்கார் 1924-ல் வைத்தியத்துக்குங்கூட அது ஆகாதென்று தடுத்துவிட்டது. இங்கிலாந்திலோ டயமார்பின் என்ற பெயரில் ஆஸ்பத்திரிகளில் இன்றும் அது வழங்குகிறது. 2015-ல் டொயோட்டா கம்பெனியின் உயர்ந்த பதவிக்கு வந்த அமெரிக்க மாது ஒருவரை ஜப்பான் போலீஸார் கைது செய்தனர். தபாலில் அவருக்கு வந்த ஆக்ஸிகோடோன் என்னும் வலி மாத்திரைகளே காரணம். பிறகு வழக்குத் தொடராமலே அவரை விட்டுவிட்டார்கள். ஆனால் அப்போது அந்த வேலை போய்விட்டது.

ஹெராயினை விலக்கிய அந்த அமெரிக்காதான் மற்றொரு வாசலை அகலத் திறந்துவிட்டது. ஆக்ஸிகோன்டின் என்னும் மாத்திரை 1996-ல் அங்கே கடைக்கு வந்தது. நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் போல வலியையும் ஒவ்வொரு நோயாளியிடமும் அளந்து குறிக்கவேண்டும் என்ற கொள்கையும் அக்காலத்தில்தான் பரவியது. வலியே இருக்கக்கூடாதென்ற ஆசையும் வியாபாரியின் லாபமும் கைகோத்துக்கொண்டன. 2012-ல் மட்டும் அவ்வினத்து மருந்துகளுக்கு அமெரிக்க டாக்டர்கள் எழுதிய சீட்டுகள் 25 கோடிக்கு மேல். மருந்தின் அபாயத்தை மறைத்து விற்ற குற்றத்தைக் கம்பெனி 2007-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் பாழாகிவிட்டன.

இந்த அமெரிக்க விபரீதத்தைக் காட்டி, அபின் மருந்தே வேண்டாமென்று நம்மவர் சிலர் பேசுகிறார்கள். அவர்களுடன் நாம் மாறுபடுகிறோம். தையல் போட்ட வலி நாலு நாளில் ஆறும். எலும்பில் பரவிய புற்றுநோயின் வலி அப்படிப்பட்டதன்று. லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர் விடுதியைத் திறந்த ஸிஸிலி ஸாண்டர்ஸ் என்ற டாக்டர், நோயாளி கதறும்வரை காத்திராமல் மணிக்கணக்குப்படி மார்பினை வாய்வழியே கொடுத்துவந்தார். நோயாளிகள் மயங்கிக் கிடக்கவில்லை. தெளிவோடு உறவினருடன் பேசிக்கொண்டிருந்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனமும் 1986-ல் புற்றுநோய் வலிக்கு வகுத்த படிமுறையில் மார்பினைச் சேர்த்துக்கொண்டது.

நம் தேசத்துக்கு வருவோம். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் சர்க்கார் அனுமதியோடு கசகசாச் செடி பயிராகிறது. காஸிப்பூரிலும் நீமச்சிலும் சர்க்கார் அபின் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அந்த அபின் நெடுங்காலமாக அன்னிய தேசங்களுக்கு மருந்துச் சரக்காகப் போயிருக்கிறது. அப்படியிருக்க, 1985-ல் பிறந்த போதைப் பொருள் சட்டத்துக்குப்பின் நம் நாட்டில் மார்பின் உபயோகம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு சுருங்கி, 1997-ல் 18 கிலோவாக நின்றது. இத்தனை பெரிய தேசத்துக்குப் பதினெட்டே கிலோ!

சட்டம் படித்தவர் என்ற முறையில் ஒன்று சொல்வோம். அந்தச் சட்டத்தின் வாசகம் வைத்திய உபயோகத்தைத் தடுக்கவில்லை. ஆனால் பிசகினால் பத்து வருஷத்துக்குக் குறையாத கடுங்காவல் என்று அது ஆரம்பத்தில் விதித்தது. மாகாணந்தோறும் லைசென்ஸுக்குமேல் லைசென்ஸ் கேட்டார்கள். மருந்துக் கடைக்காரர் நமக்கேன் வம்பு என்று ஒதுங்கினார். ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்பினைக் கையால் தொடாமலே பட்டம் பெற்றார்கள். வீட்டாரோ, மார்பின் என்றால் முடிவு நெருங்கிவிட்டது என்று கலங்கினார்கள். இல்லாவிட்டால், எல்லாம் வினைப்பயன், அனுபவித்தே தீரவேண்டும் என்றார்கள். பிறர் வலிக்கு இந்த வேதாந்தம் வெகு சுலபமாக வந்துவிடுகிறது. நமது நெருங்கிய உறவினர் ஒருவர் கடைசி நான்கு மாதங்களை இப்படித்தான் கழித்தார். வைத்தியம் பார்த்தவர் பாரஸிட்டமால் எழுதிக் கொடுத்தார். வேறொன்றும் இல்லையா என்று நாம் கேட்டதற்கு, பழக்கமாகிவிடும் என்றார். இன்னும் சில வாரமே இருப்பார் என்று முதல் நாள் சொன்னவரும் அவரே.

கேரளத்தார் வேறு வழி கண்டார்கள். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் அவருடைய சகாக்களும் ஆரம்பித்த சங்கம் மார்பின் கொடுக்கத் துணிந்தது. ஊர்தோறும் தொண்டர்கள் நோயாளிகளின் வீடுகளுக்கே போனார்கள். 2008-ல் அம்மாகாண சர்க்கார் இதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. அமெரிக்காவில் நடந்த அனர்த்தம் அங்கே நடக்கவில்லை.

2014-ல் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது. இப்போது மாகாண மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்றைப் பெற்றாலே ஆஸ்பத்திரி மார்பினை வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பம் போடவேண்டியது ஆஸ்பத்திரி. வாசகர்கள் தத்தம் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த அங்கீகாரம் இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது விண்ணப்பம் போடுவார்கள் என்று கேட்கவேண்டும். கிடைக்கும் பதிலை நமக்கு எழுதினால் பெயரில்லாமல் வெளியிடுவோம்.