பட்ஜெட்டில் துண்டு விழுவது ஏன்?

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்தவர் கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார். வரவு சுமார் 171 கோடி ரூபாய். செலவு சுமார் 197 கோடி ரூபாய். ஆக, முதல் கணக்கிலேயே துண்டு விழுந்தது. பிரிவினையின் காயம் ஆறாத நேரம் அது. எனவே அதற்கு நியாயம் இருந்தது. அதன் பிறகு டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், ப. சிதம்பரம், நிர்மலா சீதாராமன் என்று தமிழ் மண்ணில் பிறந்த பலர் நிதியமைச்சர் ஆனார்கள். துண்டு விழுவது மட்டும் நின்றபாடில்லை.

இதில் நமக்கென்ன என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. நம் சேமிப்பின் வட்டி, பென்ஷன், மளிகைக் கடைப் பில் எல்லாமே இந்தத் துண்டோடு முடிச்சுப் போட்டவை.

வீட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும்

சம்பளம் போதாமல் ஒருவர் கடன் வாங்குகிறார். அந்தப் பணத்தில் வீடு கட்டினால், கடன் தீரும்போது சொத்து மிஞ்சும். அதே கடனில் அரிசி, பருப்பு வாங்கினால் மிஞ்சுவது வட்டி மட்டுமே. அரசுக்கும் இதே கதைதான். மொத்தமாக வாங்க வேண்டிய கடன் எவ்வளவு என்பதைக் காட்டுவது நிதிப் பற்றாக்குறை. அதில் அன்றாடச் செலவுக்காக வாங்கும் பகுதி வருவாய்ப் பற்றாக்குறை. சாலையும் ரயில் பாதையும் போடக் கடன் வாங்குவது தவறல்ல. வட்டி கட்டவே கடன் வாங்குவதுதான் ஆபத்து.

நோட்டு அச்சடித்த காலம்

முன்பெல்லாம் அரசுக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. 1955-ல் ஏற்பட்ட ஏற்பாட்டின்படி, ரிசர்வ் வங்கியில் மத்திய அரசின் கையிருப்பு 50 கோடி ரூபாய்க்குக் கீழே இறங்கினால், அரசு உடனே ஒரு கடன் பத்திரம் எழுதிக் கொடுக்கும். வங்கி பணம் தரும். 'அட்ஹாக் டிரஷரி பில்' என்று அதற்குப் பெயர். 1974 முதல் அதற்கு வட்டி வெறும் 4.6 சதவீதம். புதிதாகப் பிறந்த அந்தப் பணம் சந்தைக்கு வந்து விலைவாசியை ஏற்றும். நாடாளுமன்றம் விதிக்காத வரி இது. அதிகம் கட்டியவர்கள் ஏழைகளும் பென்ஷன்காரர்களும்தான்.

தமிழரான சி. ரங்கராஜன் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தபோது, 1994 செப்டம்பரில் வங்கியும் அரசும் ஓர் ஒப்பந்தம் செய்தன. 1997 ஏப்ரல் முதல் அந்த வழி அடைக்கப்பட்டது. அதன் பின் அரசும் சந்தையில் வட்டி பேசித்தான் கடன் வாங்க வேண்டியதாயிற்று.

வரி விகிதம் குறைந்த கதை

கடன் குறைய வேண்டுமானால் வரவு கூட வேண்டும். 1973-74-ல் வருமான வரியின் உச்ச விகிதம், கூடுதல் வரியும் சேர்த்து, 97.75 சதவீதம். அதாவது உச்ச வரம்பைத் தாண்டிச் சம்பாதித்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். விளைவு, கறுப்புப் பணம் கொழுத்தது, கஜானா காய்ந்தது.

1991-ல் அமைந்த வரிச் சீர்திருத்தக் குழுவின் தலைவர் டாக்டர் ராஜா செல்லையா. அவரும் தமிழரே. 'விகிதத்தைக் குறை, வலையை விரி' என்பதே அவரது யோசனையின் சாரம். 1994-ல் டெலிபோன், பங்குத் தரகு, பொதுக் காப்பீடு ஆகிய மூன்றின் மீது சேவை வரி வந்தது. 1997 பட்ஜெட்டில் வருமான வரி 10, 20, 30 சதவீதம் என்று மூன்று படிகளாயிற்று.

பலன் உடனே கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுங்க வரியும் உற்பத்தி வரியும் குறைந்ததால், 1990-91-ல் நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ 10 சதவீதமாக இருந்த மத்திய வரி வசூல், 2001-02-ல் 8 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. பிறகு பான் எண், மூலத்திலேயே வரிப் பிடித்தம், கணினிப் பதிவு, தொழில் வளர்ச்சி எல்லாம் சேர்ந்து 2007-08-ல் அதை 12 சதவீதத்தின் அருகே கொண்டு வந்தன.

சட்டம் போட்ட கடிவாளம்

செலவுக்குக் கடிவாளம் போட 2003-ல் நிதிப் பொறுப்புச் சட்டம் நிறைவேறியது. கர்நாடகம் அதற்கு முந்தைய ஆண்டே தன் சட்டத்தைக் கொண்டு வந்துவிட்டது. தமிழகமும் 2003-ல் இயற்றியது. நிதிப் பற்றாக்குறை நாட்டு வருமானத்தில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், வருவாய்ப் பற்றாக்குறை அறவே நீங்க வேண்டும் என்பது மத்திய அரசின் இலக்கு. 2007-08-ல் நிதிப் பற்றாக்குறை 2.5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல காலம் நீடிக்கவில்லை. உலகப் பொருளாதார நெருக்கடி, விவசாயக் கடன் தள்ளுபடி, ஆறாவது சம்பளக் குழு எல்லாம் சேர்ந்து மறு ஆண்டே அதை 6 சதவீதமாக்கின.

2020-21-ல், கொரோனா ஆண்டில், அது 9.2 சதவீதம். அதில் ஒரு பகுதி, உணவுக் கழகத்தின் பெயரில் பட்ஜெட்டுக்கு வெளியே வைத்திருந்த உணவு மானியக் கடனைக் கணக்கில் கொண்டு வந்ததால் ஏற்பட்டது. மறைத்து வைத்த கடனும் கடன்தானே!

2018-ல் செய்த திருத்தத்தில், வருவாய்ப் பற்றாக்குறையை நீக்கும் இலக்கே சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. கடிவாளத்தில் முக்கியமான வார் அறுந்தது அங்கேதான் என்பது என் கருத்து.

சுமை யார் தலையில்?

2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு, முப்படையினர் நீங்கலாக, பழைய பென்ஷன் கிடையாது என்றாயிற்று. உத்தரவாதமுள்ள பென்ஷனை ஓரளவு மீட்டுத் தரும் ஒருங்கிணைந்த திட்டம் 2025 ஏப்ரலில்தான் வந்தது. 1999-ல் 12 சதவீத வட்டி தந்த பி.பி.எஃப்., 2003-ல் 8 சதவீதத்துக்கு இறங்கியது. 2020 ஏப்ரலில் 7.1 ஆனது. அரசின் வட்டிச் சுமையைக் குறைப்பதும் இதற்கு ஒரு காரணம்.

2025-26 பட்ஜெட் மதிப்பீட்டைப் பாருங்கள். அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 24 காசு கடன். செலவாகும் ரூபாயில் 20 காசு பழைய கடனுக்கு வட்டி. பாதுகாப்புக்கு 8 காசு, பென்ஷனுக்கு 4 காசு. நிதிப் பற்றாக்குறை 4.4 சதவீதம்; அதில் வருவாய்ப் பற்றாக்குறை 1.5 சதவீதம். அதாவது வாங்கும் கடனில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் அரிசி பருப்புக்கே போகிறது.

பட்ஜெட் நாளில் வருமான வரி வரம்பு எவ்வளவு உயர்ந்தது என்றுதான் நாமெல்லாம் முதலில் பார்க்கிறோம். அதில் தவறில்லை. கூடவே வருவாய்ப் பற்றாக்குறை எவ்வளவு என்றும் பார்க்கப் பழகுவோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கடன் வாங்கிப் போடும்போது இரண்டு முறை அளக்க வேண்டும். அதைத் திருப்பிக் கட்டப் போகிறவர்கள் நம் பிள்ளைகள்.