உம்பளச்சேரிக் கன்றின் நிறத்தைக் கண்டு ஏமாற வேண்டாம்

உங்கள் உம்பளச்சேரிப் பசு ஈன்ற கன்று செந்நிறமாக இருக்கிறதே, இனம் கலந்துவிட்டதோ என்று எண்ணி அதை விற்றுவிட வேண்டாம். இவ்வினக் கன்றுகள் பெரும்பாலும் சிவப்பு அல்லது பழுப்பு நிறத்துடனேயே பிறக்கும். 6 முதல் 8 மாதங்களில் அந்நிறம் சாம்பலாக மாறிவிடும். பொலிகாளையாயின் உடல் கருஞ்சாம்பலாகும். எனவே நிறத்தை விட்டு வெள்ளைக் குறிகளைப் பாருங்கள். நெற்றியில் நட்சத்திரம், கால்களின் கீழ்ப்பகுதியில் வெண்மை, வால் நுனியில் வெண்மை ஆகியவை பிறவியிலேயே அமைந்தவை.

அமெரிக்கக் காட்டெருமை எனப்படும் பைசனின் கன்றும் செந்நிறமாகப் பிறந்து, சில மாதங்களில் கரும்பழுப்பாக மாறுவதே. (பெயர்தான் எருமை, பிடரி ரோமமும் பெருந்திமிலும் கொண்ட வேறு இனம் அது.) திமிலின் வலுவால் தலையை இருபுறமும் வீசிப் பனியை ஒதுக்கி, அடியிலுள்ள புல்லை மேயும். கோடிக்கணக்கில் இருந்த அவ்விலங்கு, வேட்டையால் 1880களின் இறுதியில் ஏறத்தாழ ஆயிரமாகக் குறைந்தது. எஞ்சியவற்றில் சிலவற்றை வீட்டு மாடுகளோடு கலந்தனர். அக்கலப்பு இன்றும் பல மந்தைகளின் மரபணுவில் காணப்படுகிறது. ஒருமுறை கலந்ததைப் பிரிப்பது எளிதன்று.

நாகப்பட்டினம் மாவட்டம் தலைஞாயிறு வட்டாரத்திலுள்ள உம்பளச்சேரியின் பெயரைத் தாங்கிய நம் மாட்டுக்கும் இதே நிலை வரலாம். பவர் டில்லரும் டிராக்டரும் வந்தபின் உழவு மாட்டின் தேவை குறைந்தது. பாலுக்காகக் கலப்பினச் சினை ஊசி பரவியது. நாளொன்றுக்கு 2 லிட்டர் அளவே கறக்கும் பசுவைப் பால் கணக்கில் மட்டும் பார்த்தால் நட்டம்தான். ஆனால் குட்டையான உடலும் உறுதியான கால்களும் கொண்ட இம்மாடு சேற்று வயலில் சளைக்காமல் நடக்கும். அறுவடைத் தாளையும் கரையோரப் புல்லையும் மேய்ந்தே வாழும். கிடை போட்டால் வயலுக்கு எருவும் கிடைக்கும். பெரிய மாட்டுக்கு வேண்டிய தீவனச் செலவு இதற்கு இல்லை.

பசு பருவத்திற்கு வந்ததும் உம்பளச்சேரிக் காளையின் உறைவிந்தையே கேட்டுப் போடச் செய்யுங்கள். இவ்வினத்தைப் பேணுவதற்கென்றே 1968இல் கொருக்கையில் கால்நடைப் பண்ணை தொடங்கப்பட்டது.

எருதுகளின் கொம்பைத் தீய்க்கும் வழக்கத்தால் இதற்கு 'மொட்டை மாடு' என்றும் பெயர் உண்டு. காய்ச்சிய இரும்பால் நீங்களே தீய்க்க வேண்டாம். கன்று இளமையாய் இருக்கும்போதே கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்று, மரத்துப்போகும் ஊசி போட்டபின் செய்துகொள்ளுங்கள்.