ஆயுள் கைதி தைத்த பிறந்த நாள் போர்வை

இரவு மணி பத்து இருக்கும். ஒரு வீட்டு வாசலில் கார் வந்து நிற்கிறது. அதிகாரி ஒருவர் இறங்குகிறார். அவருடன் ஆறு வயதுப் பையன்.

பையன் கையில் ஒரு பெரிய கறுப்புப் பை. குப்பை போடுகிற பிளாஸ்டிக் பை அது. அவனுடைய சட்டை, கால்சட்டை எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

கதவு திறக்கிறது. உள்ளே இருப்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் பையன் அவர்களை இதற்கு முன் பார்த்ததே இல்லை. அந்தக் கட்டில் புதிது. தலையணை புதிது. விளக்கை அணைத்தால் எந்தப் பக்கம் கதவு என்றுகூட அவனுக்குத் தெரியாது.

அமெரிக்காவில் ஒவ்வொரு நாளும் எங்காவது ஓர் ஊரில் இப்படி ஒரு பிள்ளை போய் இறங்குகிறது.

இந்தப் பிள்ளைகளுக்காகக் கூட்டமாக உட்கார்ந்து போர்வை தைக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். பாட்டிமார், பள்ளிக்கூட ஆசிரியைகள், தேவாலயத்துப் பெண்கள்... இவர்களோடு சிறைக் கைதிகளும் உண்டு!

வளர்ப்பு வீடு

தகப்பன் அடித்துத் துன்புறுத்துகிறான். அல்லது தாய் போதை மருந்துக்கு அடிமையாகிப் பிள்ளையைப் பட்டினி போடுகிறாள். அல்லது இருவருமே சிறைக்குப் போய்விடுகிறார்கள். அப்போது அங்கே அரசாங்கம் தலையிடும். கோர்ட்டின் அனுமதியோடு பிள்ளையை வேறு ஒரு குடும்பத்தில் ஒப்படைக்கும். பாட்டி, சித்தி யாராவது முன்வந்தால் அவர்கள் வீட்டிலும் விடுவார்கள். செலவுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும்.

இதைச் சுவீகாரம் என்று நினைத்துவிடக்கூடாது. பெற்றோர் திருந்தினால் பிள்ளை அவர்களிடமே திரும்பிப் போகலாம். அதுவரை தற்காலிக வீடு. அந்தத் தற்காலிகம் சில மாதமும் இருக்கலாம், சில வருடமும் இருக்கலாம். ஒரு வீடு ஒத்து வராவிட்டால் இன்னொரு வீடு, அதன் பிறகு வேறொரு வீடு என்று மாறுகிற பிள்ளைகளும் உண்டு.

2023-ம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் இப்படி இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 3 லட்சத்து 43 ஆயிரம்.

மூட்டையோடு அன்னியர் வீட்டுக்குப் போகிற இந்த வழக்கம் அமெரிக்காவில் பழையது. 1854 முதல் 1929 வரை நியூயார்க் போன்ற நகரங்களில் இருந்து சுமார் 2 லட்சம் ஏழைக் குழந்தைகளை ரெயிலில் ஏற்றி மேற்கே அனுப்பினார்கள். ரெயில் நின்ற ஊரில் குழந்தைகளை வரிசையாக நிறுத்துவார்கள். விருப்பப்பட்டவர்கள் அழைத்துப் போகலாம். ரெயில் போய்விட்டது, மூட்டை போகவில்லை. குப்பைப் பையில் பிள்ளைகள் சாமான் சுமப்பது பெரிய வெட்கம் என்று பலர் குரல் கொடுத்த பிறகு, டெக்ஸாஸ் மாநிலம் 2023-ம் ஆண்டில் அவர்களுக்குப் பெட்டி வைத்திருந்து கொடுக்க வேண்டும் என்று சட்டமே செய்தது. பெட்டி கொடுக்கச் சட்டம் வேண்டி இருக்கிறது, பாருங்கள்!

சிறைக்குள் தையல் கூடம்

மிசௌரி மாநிலத்தில் லிக்கிங் என்று ஒரு சிற்றூர். அங்கே கடுங்காவல் சிறை ஒன்று இருக்கிறது. பெரிய குற்றம் செய்தவர்களை அடைக்கிற இடம். உள்ளே ஒரு கூடத்தில் தையல் எந்திரங்கள் ஓடுகின்றன. எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து இருப்பவர்கள் ஆண் கைதிகள். அவர்களில் ஆயுள் தண்டனை பெற்றவர்களும் உண்டு.

அவர்கள் தைப்பது வளர்ப்பு வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் போர்வை. துணி எல்லாம் வெளியில் இருந்து பொதுமக்கள் நன்கொடையாக அனுப்புவது. இதை வைத்து ஜெனிபர் மெக்ஷேன் என்ற பெண் இயக்குநர் 2024-ல் அரை மணி நேரப் படம் ஒன்று எடுத்தார். ‘தி குயில்ட்டர்ஸ்’ என்பது அதன் பெயர். 2025-ல் நெட்பிளிக்ஸில் வந்தது.

ஊசி பிடித்துப் பழகாத கைகள். முதலில் நேர்கோட்டில் தைக்கவே வராது. பிறகு எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் எடுக்கும் என்று தங்களுக்குள் விவாதிக்கிற அளவுக்கு வந்துவிடுகிறார்கள். மாதிரியை அவர்களே வரைகிறார்கள். தையல் கோணினால் பிரித்துவிட்டு மறுபடியும் தைக்கிறார்கள்.

“செய்த குற்றத்துக்கு இது ஈடாகுமா?” என்று கேட்கலாம். ஈடாகாது. அவர்கள் கையால் மாண்டவர் யாராவது இருந்தால் அவர் திரும்பி வரப் போவதில்லை. எனக்கும் அந்தப் படத்தைப் பற்றி முதலில் சந்தேகம்தான் இருந்தது. கைதிகளைப் புகழ்ந்து கண்ணீர் வரவழைக்கும் படமோ என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கூடத்தில் பேச்சு பெரும்பாலும் துணியைப் பற்றியதாகத்தான் இருக்கிறது. ஒரு பிள்ளைக்குப் பிறந்த நாள் வருகிறது. அதற்குள் முடித்தாக வேண்டும். அவ்வளவுதான்.

ஒன்பது துண்டு, ஒரு கட்டம்

இந்தப் போர்வைக்குக் குயில்ட் என்று பெயர். மூன்று அடுக்கு கொண்டது. மேலே பல வண்ணத் துண்டுகளை இணைத்துத் தைத்த துணி. நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு. கீழே முழுத் துணி. மூன்றும் விலகாதபடி சேர்த்துத் தைத்து, நான்கு ஓரத்தையும் பட்டியால் மூடிவிடுவார்கள்.

ஒருவரே தைத்தால் வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் கூட்டம் கூடித் தைக்கிற வழக்கம் வந்தது. ஒருவர் வெட்டுவார். ஒருவர் தைப்பார். ஒருவர் இஸ்திரி போடுவார். முன்பெல்லாம் பெரிய மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, சுற்றி உட்கார்ந்து ஊசி போடுவார்கள். ஊர்க் கதை முழுவதும் அங்கேதான் பேசி முடியும். இன்றும் தேவாலயக் கூடத்திலோ நூல் நிலையத்திலோ மாதம் ஒரு முறை கூடுகிற குழுக்கள் இருக்கின்றன.

கூட்டுத் தையலில் ஒரு தொல்லை உண்டு. தையல் தெரிந்த தாய்மார்கள் இதைக் கவனியுங்கள்.

4½ அங்குலச் சதுரத் துண்டுகள் ஒன்பதை மூன்று மூன்றாக இணைத்தால் 12½ அங்குலக் கட்டம் கிடைக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு தையலுக்கும் சரியாகக் கால் அங்குலம்தான் விட வேண்டும். யாராவது ஒருவர் கூட அரைக்கால் அங்குலம் பிடித்துவிட்டால் போதும். அவர் தைத்த கட்டம் அரை அங்குலம் குறைந்து போகும். மற்றவர்கள் கட்டத்தோடு அது சேராது. இருபது பேர் ஆளுக்கு ஒரு கட்டம் தைத்து, அகலத்துக்கு நான்கும் நீளத்துக்கு ஐந்துமாக இணைத்தால் 4 அடி அகலமும் 5 அடி நீளமும் உள்ள போர்வை. அதில் ஒரு கட்டம் குறைந்தாலும் வரிசை முழுவதும் இழுத்துக்கொள்ளும். அதனால் அனுபவம் உள்ள குழுக்களில் எல்லாரும் முதலில் ஒரு சிறு துண்டு தைத்து, அளவு கோலால் அளந்து காட்ட வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எளிய வேலையும் உண்டு. மூன்று அடுக்கையும் விரித்து, நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகத் தடித்த நூலால் முடிச்சுப் போட்டால் போதும். பத்து வயதுப் பெண்கூடச் செய்யலாம்.

பொத்தான், மணி எதுவும் வைக்கக்கூடாது. குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். குத்திய ஊக்குகளை எண்ணி எடுக்க வேண்டும். சாயம் போகுமா என்று துவைத்துப் பார்க்க வேண்டும். சிகரெட் வாடை இருந்தால் பல இடங்களில் வாங்கமாட்டார்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தூங்கும்போது இதைப் போர்த்தவே கூடாது. மூச்சு முட்டிவிடும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். விழித்திருக்கும்போது தரையில் விரித்துப் படுக்க வைக்கலாம்.

ஒரு ஞாயிறு மலர் செய்த காரியம்

1995-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அப்போது செய்தித்தாள்களோடு சேர்ந்து வந்துகொண்டிருந்த ‘பரேட்’ என்ற ஞாயிறு மலரில் சில குழந்தைகளின் படங்கள் வந்து இருந்தன. ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய். மருந்து ஏறும் வேதனையை எல்லாம் ஒரு சிறு போர்வையைப் பிடித்துக்கொண்டே அந்தச் சிறுமி தாங்கினாள் என்று எழுதி இருந்தது.

கொலராடோ மாநிலத்தில் கேரன் லக்ஸ் என்ற பெண் அதைப் படித்தார். டென்வர் நகரில் குழந்தைகளுக்குப் புற்றுநோய் சிகிச்சை தரும் இடத்துக்குப் போர்வைகள் சேர்த்துக் கொடுப்பது என்று முடிவு செய்தார். ‘பிராஜெக்ட் லைனஸ்’ அப்படித்தான் பிறந்தது. ‘பீனட்ஸ்’ சித்திரக் கதையில் எப்போதும் போர்வையும் கையுமாகத் திரியும் சிறுவனின் பெயர்தான் லைனஸ். இந்த அமைப்பின் மூலம் இதுவரை பல லட்சம் போர்வைகள் போய் இருக்கின்றன. நோயாளிக் குழந்தைகளோடு, வளர்ப்பு வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள்.

ஞாயிறு மலரைப் படித்துவிட்டு மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்கக் கொடுப்பதுதான் வழக்கம். இப்படியும் நடந்து இருக்கிறது!

துவைக்காதே, அம்மா!

நம் ஊரில் தூளி கட்ட எதைத் தேடுவோம்? தாயின் பழைய சேலையைத்தான். புதுத் துணி இருந்தாலும் பழைய சேலைதான் குழந்தைக்குப் பிடிக்கும் என்று பாட்டி சொல்வாள். அதில் தாயின் வாசனை இருக்கிறது.

இதையே இங்கிலாந்தில் ஒரு டாக்டர் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார். டொனால்டு வினிகாட் என்பது அவர் பெயர். இரண்டாவது உலகப் போரின்போது குண்டுவீச்சுக்குப் பயந்து நகரத்துக் குழந்தைகளைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள் அல்லவா? அப்படிப் பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளோடு வேலை செய்தவர். தாய் அருகில் இல்லாத நேரத்தைத் தாண்டிப் போகக் குழந்தை ஒரு துணியையோ பொம்மையையோ பற்றிக்கொள்கிறது என்று 1953-ல் வெளியான கட்டுரையில் சொன்னார். அழுக்காக இருந்தாலும் தாய் அதைத் துவைக்கத் தயங்குவாள். துவைத்தால் குழந்தைக்கு அது வேறு பொருளாகிவிடும் என்றும் எழுதினார்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்ற விஞ்ஞானி குரங்குக் குட்டிகளைத் தாயிடம் இருந்து பிரித்து ஒரு சோதனை செய்தார். 1958-ல் அதை வெளியிட்டார். கம்பியால் ஒரு பொம்மைத் தாய். அதில் பால் புட்டி. இன்னொன்று துணி சுற்றிய பொம்மைத் தாய். அதில் பால் இல்லை. குட்டிகள் பசித்தபோது மட்டும் கம்பிப் பொம்மையிடம் போயின. மற்ற நேரம் எல்லாம் துணிப் பொம்மையையே கட்டிப் பிடித்துக் கிடந்தன. பயம் காட்டினால் அதனிடம்தான் ஓடின.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. துணிப் பொம்மையோடு மட்டும் வளர்ந்த அந்தக் குட்டிகள் பெரிதானபோது மற்றக் குரங்குகளோடு பழகத் தெரியாமல் தவித்தன. சோதனையே கொடுமையானது என்று பிற்பாடு பலர் கண்டித்தார்கள். துணி ஓர் இரவைத் தாண்ட வைக்கும். வளர்ப்பதற்கு ஆள் வேண்டும். போர்வை கொடுத்துவிட்டோம், கடமை முடிந்தது என்று யாராவது நினைத்தால் அவர்கள் இந்தக் குட்டிகளை நினைத்துப் பார்க்கட்டும்.

கடையில் வாங்கினால் என்ன?

அங்கே கடையில் சாதாரணப் போர்வை மலிவாகக் கிடைக்கும். துணி, பஞ்சு எல்லாம் காசு கொடுத்து வாங்கிக் குயில்ட் தைத்தால் அதைப் போலப் பல மடங்கு செலவாகும். குளிருக்கு இரண்டும் ஒன்றுதான். பிறகு எதற்கு இந்தப் பாடு?

பல பிள்ளைகள் இருக்கும் விடுதியில் எல்லாக் கட்டிலிலும் ஒரே மாதிரிப் போர்வை. சலவைக்குப் போய் வந்தால் யாருடையது யாருக்கு வருமோ! ஒட்டுத் துணிப் போர்வை அப்படி இல்லை. மூன்றாவது வரிசையில் மீன் போட்ட துண்டு, அதற்குக் கீழே மஞ்சள் கட்டம் என்று பிள்ளைக்கு மனப்பாடம் ஆகிவிடும். வீடு மாறினாலும் அதை மடித்துக் கையோடு கொண்டு போகலாம். யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

தைப்பவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். வாத்துக்குட்டி, பொம்மைக் கரடி போட்ட துணி என்றால் கை தானாகப் போகிறது. சின்னக் குழந்தைகளுக்கான போர்வை குவிந்துவிடுகிறது. பதினாறு வயதுப் பையனுக்கு எடுத்துக் கொடுக்க அலமாரியில் எதுவும் இருப்பதில்லை. அவனுக்குக் கரடி படம் போட்ட போர்வையை நீட்டினால் வாங்கிக்கொள்வானா? காலும் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். பல குழுக்கள் இப்போது நீளத்தைக் கூட்டி, கருநீலம், சாம்பல் நிறத்தில் தையுங்கள் என்று உறுப்பினர்களைக் கெஞ்சுகின்றன. அந்தப் பையனுக்குச் சீக்கிரமே 18 வயது ஆகிவிடும். பல மாநிலங்களில் 21 வரை இருக்கலாம். அதன் பிறகு அவன் தனியாக வாடகை அறைக்குப் போக வேண்டும். அங்கே விரிக்க முதலில் இருக்கப் போவது இந்தப் போர்வையாகவே இருக்கலாம்.

பிள்ளைகளின் விவரம் ரகசியமாகக் காக்கப்படுவதால், தேவாலயக் கூடத்தில் தைத்த பாட்டிக்கு அது யாருக்குப் போனது என்று பெரும்பாலும் தெரியாது. நன்றிக் கடிதம் வந்தாலும் வரும், வராமலும் போகும்.

சில குழுக்கள் போர்வையின் பின்பக்கத்து மூலையில் ஒரு சிறு வெள்ளைத் துணியைத் தைத்து விடுகிறார்கள். அதில் எதுவும் எழுதி இருக்காது. துவைத்தாலும் அழியாத மையால் பிள்ளை தன் பெயரைத் தானே எழுதிக்கொள்வதற்காக அந்த இடம்.